டப்பா வேறு, சரக்கு வேறு

"இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று கணினி மூன்றாவது முறையாகச் சொன்னபோது, ஸ்டோர் அக்கா அதன் முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள்.

"முடியாதுன்னு சொல்றதுக்கு நீ யாரு? உள்ள என்ன இருக்குன்னு பார்த்தியா? பார்க்காமயே சொல்ற. நீயும் எங்க மேனேஜரும் ஒரே ரகம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் காதில் செருகியிருந்த சுண்ணாம்புத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் தையல்காரர். முன்னறையில் மெஷின், பின்னறையில் கணினி. மெஷின் பிழைப்புக்கு, கணினி மல்யுத்தம் பார்ப்பதற்கு.

"அது கம்ப்யூட்டரும்மா. திட்டினா பயப்படாது."

"மேனேஜரும்தான் பயப்படலை. அதுக்காகத் திட்டாம விட்டேனா?"

விட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. நடந்தது இதுதான்.

பெயிண்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. வயதில் மூத்தவர்கள்கூட அவளை ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. எதுவும் சீட்டில் எழுதித்தான் கேட்க வேண்டும். பொருள், அளவு, எண் மூன்றும் இருக்க வேண்டும். எண் இல்லாமல் சீட்டு வந்தால் கோபப்பட மாட்டாள். முதல் அடுக்கில் எது கைக்கு வருகிறதோ அதைக் கொடுத்துவிடுவாள். வாட்ச்மேன் ஒருமுறை எண் எழுதாமல் டார்ச்சுக்குப் பேட்டரி கேட்டு, டார்ச்சைவிடப் பெரிய பேட்டரியை வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைவு.

மேனேஜர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க, "பச்சை, நான்கு டப்பா" என்று எழுதி அனுப்பினார். எண் இல்லை. முதல் அடுக்கில் இருந்தது தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கிற பச்சை. அடித்து முடித்த பிறகு மேனேஜர் தன் அறையில் உட்கார்ந்திருப்பது, கிணற்றுக்குள் தவளை உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இதை அக்கா வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு லாரி வந்தது. சரக்கு இறக்க அக்கா வெளியே போனாள். ஸ்டோர் கதவின் தாழ்ப்பாள் பழசு. கதவு சாத்தினால் வெளிப்பக்கம் தானாக விழுந்துவிடும். அதனால் கதவு இடுக்கில் எப்போதும் ஐந்து கிலோ டின் ஒன்றை முட்டுக் கொடுத்திருப்பாள். நாலு பத்துக்குத் திரும்பி வந்தபோது டின் இல்லை, கதவு சாத்தியிருந்தது. திறந்தால் உள்ளிருந்து வியர்க்க விறுவிறுக்க மேனேஜர் வந்தார். நல்ல பச்சையைத் தானே தேட வந்தாராம். செல்போன் அவர் மேஜையில் இருந்ததாம்.

"வேணும்னே பூட்டிட்டீங்க."

"டின்னை யாரு நகர்த்தினாங்க, சார்?"

"நான் தொடவே இல்ல."

திங்கட்கிழமை காலையில் ஒரு கடிதம் வந்தது. "மேலாளரை வேண்டுமென்றே ஸ்டோருக்குள் வைத்துத் தாழிட்டதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. போடாவிட்டால் பழைய குடோனுக்கு மாற்றம். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே இருப்பது பூட்டிய கதவும் காலி டிரம்களும்தான்.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"இதுல வரிசை எண் இல்லையே, சார். எண் இல்லாததை நான் வாங்கறதில்லை."

"கையெழுத்துப் போடுங்க."

"செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டா, பத்தொன்பது வருஷமாப் போட்ட கையெழுத்துக்கெல்லாம் என்ன மரியாதை? போட மாட்டேன். கேமரா இருக்குல்ல? நீங்களே மாட்டினதுதானே? சத்தம்கூடப் பதியும்னு பெருமையாச் சொன்னீங்களே. போட்டுப் பார்ப்போம்."

மேனேஜர் கொஞ்சமும் அசரவில்லை. ஸ்டோர் கேமரா வெளியே கதவைப் பார்த்தபடி இருப்பதாக அவருக்கு நினைப்பு. ஸ்டோருக்குள் நடந்தது எதுவும் அதில் தெரியாது. அதைவிடப் பெரிய தைரியம் ஒன்றும் இருந்தது: அந்த வீடியோ எதுவும் அவர் கணினியில் ஓடாது. ஏற்கெனவே ஒருமுறை முயன்று பார்த்துக் கைவிட்டவர் அவர்.

"தாராளமா. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளியம்மா வருவாங்க. என் கம்ப்யூட்டர்ல, அவங்க முன்னாடி ஓடணும். ஓடலைன்னா கையெழுத்து."

"ஓடும்."

வீராப்பாகச் சொல்லிவிட்டு, அக்கா நேராக வாட்ச்மேன் கேபினுக்குச் சீட்டு எழுதி அனுப்பினாள்: "வியாழன், மூன்று மணி முதல் நாலு பத்து வரை, வீடியோ." அரை மணியில் பென் டிரைவ் வந்தது.

கொடுக்கும்போது வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "கேபினுக்கு வந்து உக்காந்து பாருங்கக்கா. டிவி பெருசு. ஃபேனும் இருக்கு."

"எனக்கு வேலை இருக்கு" என்றாள். பேட்டரி விஷயத்தைக் குத்திக்காட்டாமல் அந்த மனுஷன் உட்கார வைப்பாரா என்ன?

இப்படி வந்ததுதான் அந்த மூன்று முறை திறக்காத கோப்பு.

கணவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஏம்மா, பேருக்குப் பின்னாடி புள்ளி வெச்சு மூணு எழுத்து இருக்கு பாரு. என் மல்யுத்தத்துக்கெல்லாம் எம்பி நாலுன்னு இருக்கும். இதுல வேற என்னமோ இருக்கு. அதை மாத்திட்டா போச்சு."

"மாத்துங்க."

மாற்றினார். கோப்பின் முகமே மாறிவிட்டது. மற்ற படங்களைப் போலவே அழகான சின்னப் படமும் வந்து உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அமுக்கினார். முன்பு திறக்க முடியவில்லை என்று சொன்ன கணினி, இப்போது கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று சொன்னது.

"முன்னாடி மரியாதையாச் சொல்லுச்சு" என்றாள் அக்கா. "இப்பப் பழி போடுது."

செவ்வாய்க்கிழமை மாலை கணவர் இணையத்தில் தேடி, எந்த வகைப் படத்தையும் வேறு வகைக்கு டப்பா மாற்றித் தரும் என்று ஒரு தளத்தைக் கண்டுபிடித்தார். அது இரண்டே நிமிஷத்தில் மாற்றித் தந்தது. அமுக்கினால் திரை கறுப்பு. ஆனால் சத்தம் வந்தது. அக்கா காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டாள்.

டக்.

"அதேதான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம். பத்தொன்பது வருஷமாக் கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

 பிறகு மெல்லிசாக, இழுத்து, ஒரு "மியாவ்".

கணவர் நிமிர்ந்தார். "ஸ்டோருக்குள்ள பூனை வருமா?"

"வராது."

"அப்ப இது?"

அக்கா காதை ஸ்பீக்கரிலிருந்து எடுத்தாள். "மேனேஜர்தான். பயத்துல அழறாரு."

"பாவம்மா."

"பாவம் பார்த்தா கையெழுத்துப் போடணும். தள்ளுங்க."

சத்தம் மட்டும் போதாது. முதலாளியம்மா முன் போய் மேனேஜர் அழுவதை மட்டும் கேட்கவிட்டால், அக்கா இன்னும் கெட்டவளாகத்தான் தெரிவாள்.

புதன்கிழமை கணவர் இன்னும் ஆழமாகத் தேடினார். கணினிக்கு "கோடெக்" போதவில்லை, ஒரு மூட்டை கோடெக் இறக்கினால் எல்லாம் ஓடும் என்று எங்கோ எழுதியிருந்தது. கோடெக் என்றால் என்னவென்று அங்கே எழுதவில்லை. எங்கே அமுக்க வேண்டும் என்று மட்டும் பெரிய பச்சைப் பொத்தானில் எழுதியிருந்தது. அமுக்கினார். சம்மதமா என்றது, சம்மதம் என்றார். நிச்சயமா என்றது, நிச்சயம் என்றார். அதற்குப் பிறகு அது கேட்பதை நிறுத்திவிட்டு, தன் போக்கில் வேலையைப் பார்த்தது.

மறுபடி கணினி எழுந்தபோது கடிகாரத்தைக் காணோம். ஓரத்தில் முடி வளரும் எண்ணெய் விளம்பரம் ஒன்று குதித்தது. கணவர் பதறிப்போய்த் தன் மல்யுத்தத்தைத் திறந்தார். வீரர்கள் இருவரும் பச்சை நிறத்தில், தலைகீழாக நின்று சண்டை போட்டார்கள்.

"அஞ்சு வருஷமாச் சேர்த்து வெச்சது" என்றார் அவர் ஈனக்குரலில்.

"உங்க பயில்வான் பச்சையானா என்ன இப்ப? எங்க மேனேஜர் ரூமும் பச்சைதான். என்னுதைப் போடுங்க."

போட்டார். படம் வந்தது. படம் என்றால், சாம்பலும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாக ஏதோ நகர்ந்தது. ஒரு கட்டம் அசைய அரை நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஓர் உருண்டை பளபளத்தது.

"இது வழுக்கை" என்றாள் அக்கா.

"மேனேஜருக்கு இவ்வளவு வழுக்கையா?"

"உக்காந்திருக்காரு. மேலேர்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்."

"ஓரத்துல நீளமா ஏதோ தொங்குதே. வால் மாதிரி."

அக்கா கண்ணைச் சுருக்கினாள். "டை" என்று முடித்துவிட்டாள்.

கம்பெனியிலும் காற்று ஒரு மாதிரி வீசிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தூக்கை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் கேபினுக்குப் போக ஆரம்பித்தார்கள். வெயிலுக்கு ஃபேன் தேடிப் போகிறார்கள் என்று அக்கா நினைத்தாள். பேக்கிங் பெண்கள் அவளைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குப் போடுவாங்க? நாங்களும் வந்து பார்க்கலாமா?"

"என்னைக் குடோனுக்கு அனுப்பறதைப் பார்க்கவா? போங்கடி, வேலையைப் பாருங்க."

அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.  பத்தொன்பது வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகள். சரி, சிரிக்கட்டும். தனியாக நின்றாலும் நிற்பதுதான்.

மேனேஜருக்கோ அந்த வாரம் பொற்காலம். அவர் வந்தாலே பேக்கிங் பெண்கள் டப்பாக்களைப் போல வரிசையில் நின்றார்கள். லோடு ஏற்றுகிறவர் ஒருவர், "வணக்கம் முதலாளி" என்று கும்பிட்டேவிட்டார்.

"சேச்சே, அப்படியெல்லாம் கூப்பிடாதீங்க" என்றார் மேனேஜர், முகமெல்லாம் மலர்ந்து. அக்காவிடம் வந்து, "பார்த்தீங்களா? ஒரு கடிதம் எழுதினேன், மொத்தக் கம்பெனிக்கும் ஒழுக்கம் வந்திடுச்சு" என்றார்.

"எனக்கு மட்டும் வரலை, சார்" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். இனி ஒரே வழிதான் இருந்தது. அது மாடியில் இருந்தது.

மாடியில் மருமகள். மகன் கப்பல் வேலைக்குப் போயிருக்கிறான். மருமகள் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடப் பாட வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை செய்கிறாள். கல்யாணமான புதிதில், "உக்காந்த இடத்துல படம் பார்க்கறதுக்குச் சம்பளமா?" என்று அக்கா கேட்டுவிட்டாள்.  அன்றிலிருந்து மருமகள் தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. இப்போது அந்த வாசலில் போய் எப்படி நிற்பது?

அக்கா நிற்கவில்லை. சீட்டு எழுதினாள். "ஓடும் வீடியோ, ஒன்று." பென் டிரைவோடு சேர்த்துக் கணவர் கையில் கொடுத்து மேலே அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் சீட்டு திரும்பி வந்தது. அடியில் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: "எந்த டப்பா, எந்த மடிப்பு என்று எழுதவில்லை. விவரம் இல்லாத சீட்டு ஏற்கப்படாது."

கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார்.  அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"என்ன மடிப்பு?"

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க, அத்தை. உங்க ஸ்டோர்ல டப்பா மேல லேபிள் ஒட்டியிருக்கும்ல? அதுதான் அந்தக் கடைசி மூணு எழுத்து. மாமா லேபிளைக் கிழிச்சு வேற லேபிள் ஒட்டினாரு. உள்ள இருக்கறது மாறுமா?"

"எப்படி மாறும்? வெள்ளைன்னு ஒட்டினா கறுப்பு பெயிண்ட் வெள்ளை ஆயிடுமா?"

"அடுத்து டப்பாவை மாத்தினாரு. அப்பவும் உள்ள இருக்கற சரக்கு அதேதான். வீடியோவை அப்படியே வெச்சா இடம் போதாது, அதனால மடிச்சு அமுக்கித்தான் வைப்பாங்க. படத்துக்கு ஒரு மடிப்பு, சத்தத்துக்கு ஒரு மடிப்பு. அந்த மடிக்கிற, பிரிக்கிற முறைக்குப் பேருதான் கோடெக். உங்க கம்ப்யூட்டருக்குச் சத்தத்தைப் பிரிக்கத் தெரிஞ்சுது. படத்தைப் பிரிக்கத் தெரியலை."

"அதான் கறுப்பா இருந்துச்சா?"

"ஆமா. இந்தக் கேமரா மடிக்கறது புது முறை. ரொம்ப இறுக்கமா மடிக்கும். பிரிக்கிற முறை தெரிஞ்சாலும் பழைய மெஷினுக்கு மூச்சு வாங்கும். அதான் கட்டம் கட்டமாத் திக்குச்சு."

அக்கா மோவாயில் கை வைத்தாள். "அப்ப லேபிளை மாத்திப் பிரயோஜனமில்ல. டப்பாவை மாத்தியும் பிரயோஜனமில்ல. சரக்கைக் கொட்டிப் பிரிச்சு, எல்லா மெஷினுக்கும் தெரிஞ்ச பழைய மடிப்புல திரும்ப மடிச்சு, தெரிஞ்ச டப்பாவுல போடணும். அவ்வளவுதானே?"

மருமகள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க ஆபீஸ்ல இதைப் புரிஞ்சுக்க ஒருத்தருக்கு ஆறு மாசம் ஆச்சு, அத்தை."

"அவருக்கு ஸ்டோர் இல்ல" என்றாள் அக்கா. கொஞ்சம் இறங்கிய குரலில், "அன்னிக்கு உன் வேலையைப் பத்தித் தெரியாமச் சொல்லிட்டேன்" என்றாள்.

"மன்னிப்பா, அத்தை?"

"இது செஞ்ச தப்பு. செஞ்ச தப்புக்கு எழுதிக்கூடத் தருவேன்."

மருமகள் சிரித்தபடி வேலையைத் தொடங்கினாள். "ஃபைல் பேருல ஒண்ணுன்னு ஒரு எண் இருக்கே, அது என்னது?"

"இந்தக் கம்பெனியில எனக்கு வந்த முதல் புகார் இது. அதுவா இருக்கும். நீ மடி."

மருமகளின் மெஷினில் பாட வீடியோக்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றதால், அக்காவின் முறை வந்து முடிய வெள்ளிக்கிழமை காலையாயிற்று. அக்கா பஸ்ஸுக்கு ஓடும்போது மருமகள் வாசலில் வைத்துப் பென் டிரைவைக் கொடுத்தாள்.

"பத்து விநாடி போட்டுப் பார்த்தேன். ஒரு தூண், ஒரு சுவர். கண்ணாடி மாதிரி ஓடுது. தைரியமாப் போங்க."

பதினொரு மணி. முதலாளியம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார். எழுபது வயது. பேச்சு குறைவு. மேனேஜர் கடிதத்தை மேஜையில் விரித்து, மேலே மூடி கழற்றிய பேனாவையும் வைத்துவிட்டார். கதவுக்கு வெளியே பேக்கிங் பெண்களின் தலைகள் தெரிந்தன.

அக்கா பென் டிரைவைச் செருகி அமுக்கினாள்.

ஓடியது. திக்கவில்லை, கட்டம் கட்டவில்லை, பச்சையாகவில்லை. வெயில் விழுவது வரை துல்லியம். மேனேஜரின் புருவம் ஒரு கணம் ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது.

திரையில் தெரிந்தது வண்டி நிறுத்துகிற கொட்டகை. ஒரு தூண், ஒரு சுவர், மேனேஜரின் மோட்டார் பைக். பைக்கின் பளபளக்கும் சீட்டில் சாம்பல் நிறப் பூனை ஒன்று வாலைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்கள். டக். பூனை கண்ணைத் திறந்து, மியாவ் என்றது.

 இந்தப் பூனைக்காகவா ஐந்து நாள், ஒரு கணினி, இரண்டு பயில்வான்கள்?

மேனேஜர் பேனாவை அவள் பக்கம் உருட்டினார். "ஓடுச்சு. ரொம்ப அழகா ஓடுச்சு. இப்ப கையெழுத்து."

அக்கா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.  

"குடோனுக்குப் போறேன். தினமும் ரெண்டு பஸ் மாறிப் போறேன். காலி டிரம்மை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். படம் தப்பா வந்திருக்கு, நான் தப்புப் பண்ணலை."

முதலாளியம்மா சாவியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "இதைக் குடுத்தது யாரு? கூப்பிடு."

வாட்ச்மேன் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏம்ப்பா, கொட்டகையை ஏன் குடுத்த?"

"அக்கா சீட்டுல கேமரா எண் எழுதலைங்கம்மா." அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். "எண் இல்லைன்னா முதல் அடுக்குல இருக்கறதைத் தரணும்னு அக்காதான் சொல்லியிருக்காங்க. முதல் கேமரா கொட்டகை. பேட்டரி விஷயத்துலேர்ந்து நான் சட்டத்தை மீறறதில்லை."

அக்கா சீட்டை வாங்கி, எண்ணைத் தேடிப் பார்த்தாள்.

"அப்ப ஸ்டோர் கேமரா எது?" என்றார் முதலாளியம்மா.

"ஆறுங்கம்மா."

"அது வெளியேர்ந்து கதவைப் பார்க்கறதுதானே?" என்றார் மேனேஜர் அலட்சியமாக.

"இல்ல, சார். வெளிச் சுவர்ல ஆணி இறங்கலைன்னு உள்ளேயே மாட்டிட்டாங்க."

மேனேஜரின் கை, பேனாவின் மூடியைத் தேடி மேஜை மேல் அலைந்தது. வெளியே பேக்கிங் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"அதையும் இதே மாதிரி மடிச்சுப் பிரிச்சுத்தான் பார்க்கணுமா?" என்று அலுத்துக்கொண்டார் முதலாளியம்மா.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "எதுக்கும்மா அவ்வளவு சிரமம், என் கேபின் டிவில அது நல்லாத்தானே ஓடுது, சார் டின்னைக் காலால தள்ளிவிட்டு உள்ள மாட்டிக்கிட்டு, டப்பாங்களை வரிசையா நிக்க வெச்சு, 'கிழவிக்கு அப்புறம் நான்தான் உங்க முதலாளி'ன்னு ஒரு மணி நேரம் பேசினதை, ஒரு வாரமா மதியச் சாப்பாட்டோட பார்த்துப் பார்த்து எங்க எல்லாருக்கும் மனப்பாடமே ஆயிடுச்சு."